ஒரே மேசையில் ஒரு நகரம்: பாஸ்டன் இளைஞர் கொலைத் தடுப்பு – நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

1990-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 24 வயதும் அதற்குக் கீழும் உள்ள 73 பேர் கொல்லப்பட்டார்கள். மூன்றே ஆண்டுகளுக்கு முன் அந்த எண்ணிக்கை 22. ஆறு லட்சம் மக்கள்கூட இல்லாத ஊரில் ஐந்து நாளுக்கு ஓர் இளம் உயிர் போனது.

இத்தனைக்கும் வன்முறைத் தடுப்புத் திட்டங்களுக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை. நகரச் சுகாதாரத் துறை 1980-களிலேயே சண்டையைத் தவிர்ப்பது பற்றிப் பள்ளி மாணவர்களுக்குப் பாடம் வகுத்திருந்தது. சமுதாயக் கூடங்கள் வழியாக, தெருவிலேயே பையன்களோடு பழகி வழிகாட்டும் தெருப் பணியாளர்கள் நியமிக்கப்பட்டிருந்தார்கள். காவல்துறைக்குக் கும்பல் தடுப்புப் பிரிவு ஒன்று இருந்தது. நன்னடத்தை அலுவலர்கள் (சிறைக்குப் பதிலாக நிபந்தனையோடு வெளியே விடப்பட்டவர்களைக் கண்காணிப்பவர்கள்), சிறார் சேவைத் துறை, தேவாலயங்கள், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் தொடங்கிய அமைப்புகள் என்று ஆளாளுக்கு உழைத்தார்கள். ஒருவர் செய்வது அடுத்தவருக்குத் தெரியாது. ஒரே பையனைப் பற்றி ஐந்து அலுவலகங்களில் ஐந்து கோப்புகள் இருந்தன. அவன் சாகும் நாளில்தான் அந்தக் கோப்புகள் ஒன்றாகத் திறக்கப்பட்டன.

இவர்கள் எப்படி ஒரே மேசைக்கு வந்தார்கள், வந்தபின் என்ன நடந்தது, அந்த மேசை எப்படிக் கலைந்தது என்பதே இந்தப் பதிவு. பாஸ்டனின் வெற்றியைப் பலர் எழுதியிருக்கிறார்கள். பின்பாதியைச் சொல்பவர்கள் குறைவு. ஒரு நகரத்தில் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்குமான திட்டங்களை இணைக்கும் பொறுப்பில் இருப்பவருக்குப் பின்பாதிதான் அதிகம் பயன்படும் என்பது என் துணிபு. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து, பொறுப்பை மட்டும் குறிப்பிடுகிறேன்.

பின்னணி: 1986 முதல் 1992 வரை

1980-களின் நடுவில் கிராக் கோகைன் என்ற, புகைக்கும் வகைப் போதைப்பொருள் பாஸ்டனுக்குள் வந்தது. கருப்பினக் குடும்பங்கள் அதிகம் வாழும் ராக்ஸ்பரி, டார்செஸ்டர், மட்டப்பான் ஆகிய மூன்று பகுதிகள் அதன் சுமையைத் தாங்கின. தெருமுனை வியாபாரத்தோடு கைத்துப்பாக்கியும் வந்தது. அதன்பின் துப்பாக்கிக்கு வியாபாரம் தேவைப்படவில்லை. எதிர்த் தெருப் பையன் வைத்திருக்கிறான் என்பதே இந்தத் தெருப் பையன் வாங்குவதற்குப் போதுமான காரணமாக இருந்தது. அச்சத்தால் ஏந்திய ஆயுதம் இன்னொருவனை அச்சுறுத்தியது. முன்பு மூக்குடைந்து முடிந்திருக்கக்கூடிய சண்டை, சவப்பெட்டியில் முடிந்தது.

1988 கோடையில் ராக்ஸ்பரியில் யாருக்கோ வைத்த குறி தவறி 12 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். நகரமே கொதித்தது. அடுத்த ஆண்டு ஓர் இளைஞருக்குத் தண்டனை கிடைத்தது. அந்தத் தண்டனை தவறான விசாரணையின் விளைவு என்று 2003-இல்தான் நிலைநாட்டப்பட்டு அவர் வெளியே வந்தார். கோபத்தின் வேகத்தில் நீதி எப்படிச் சறுக்கும் என்பதற்கு இது ஒரு சான்று.

1989 அக்டோபரில் இன்னொரு கொலை. கர்ப்பிணி மனைவியைத் தானே கொன்றுவிட்டு, கருப்பினத்தவர் ஒருவர் சுட்டார் என்று ஒரு வெள்ளையினக் கணவர் புகார் கொடுத்தார். காவல்துறை அதை நம்பி மிஷன் ஹில் பகுதியில் கருப்பின இளைஞர்களைத் தெருவில் நிறுத்திச் சோதனை போட்டது. உண்மை வெளிப்பட்டபோது, அந்தப் பகுதி மக்களுக்குக் காவலர் மீதிருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. 1992 தொடக்கத்தில் விசாரணைக் குழு ஒன்றும் காவல்துறையின் நடைமுறைகளைக் கடுமையாகக் குறைகூறி அறிக்கை அளித்தது.

இவற்றை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. பிற்காலத்தில் பாஸ்டன் முறையைப் பின்பற்ற முயன்ற பலர், கும்பல் பையன்களை அழைத்து எச்சரிக்கும் கூட்டம் நடத்தும் உத்தியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு முன் நம்பிக்கை எவ்வளவு ஆழத்தில் விழுந்திருந்தது, அதை மீட்க எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

தேவாலயத்துக்குள் கத்தி: 1992 மே

மட்டப்பானில் உள்ள மார்னிங் ஸ்டார் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட ஓர் இளைஞருக்கு இறுதி வழிபாடு நடந்துகொண்டிருந்தது. கும்பலைச் சேர்ந்த சில பையன்கள் உள்ளே புகுந்து, அஞ்சலி செலுத்த வந்த ஒருவனை அடித்துக் கத்தியால் குத்தினார்கள்.

அதுவரை போதகர்களில் பலர் தங்கள் சபைக்கு வருபவர்களோடு நின்றுகொண்டார்கள். வாசலுக்கு வெளியே நடப்பது காவல்துறையின் கவலையாக இருந்தது. வன்முறை பீடத்தின் முன்னாலேயே வந்து நின்றபோது, தெருவுக்குப் போகாத தேவாலயத்தைத் தேடித் தெரு உள்ளே வரும் என்பதை உணர்ந்தார்கள். அந்த ஆண்டே பத்து அம்சத் திட்டத்தோடு டென் பாயின்ட் கூட்டணி உருவானது. போதகர்கள் வெள்ளிக்கிழமை இரவுகளில் குழுவாகத் தெருக்களில் நடக்கத் தொடங்கினார்கள். பிரசங்கம் செய்யப் போகவில்லை, நடந்தார்கள், கேட்டார்கள். முதல் வாரங்களில் பையன்கள் பேச்சுக் கொடுக்கவில்லை. இவர்கள் அடுத்த வாரமும் வருவார்களா என்று பார்த்தார்கள். வந்தார்கள். பிறகே பேச்சு தொடங்கியது.

இந்த நடைக்கு நான் கொடுக்கும் எடை அதிகம். பின்னால் நீதிமன்றக் கூடத்தில் அதே போதகர்கள் எழுந்து நின்று பேசியபோது, எதிரே இருந்த பையன்களில் பலருக்கு அந்த முகங்கள் ஏற்கனவே பழக்கமானவை.

நன்னடத்தை அலுவலரும் காவலரும் ஒரே வண்டியில்

அதே 1992-இன் பிற்பகுதியில் டார்செஸ்டர் நீதிமன்றத்தில் ஒரு சிறிய மாற்றம் நடந்தது. நன்னடத்தைக் காலத்தில் விடப்பட்ட பல பையன்களுக்கு, இரவில் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று நீதிபதி நிபந்தனை விதித்திருந்தார். நிபந்தனையைக் கண்காணிக்க வேண்டிய நன்னடத்தை அலுவலர் மாலையில் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். இரவில் தெருவில் நிற்கும் காவலருக்கோ எந்தப் பையனுக்கு என்ன நிபந்தனை என்பது தெரியாது. ஒருவரிடம் அதிகாரம் இருந்தது, இன்னொருவரிடம் நேரம் இருந்தது.

சில நன்னடத்தை அலுவலர்களும் கும்பல் தடுப்புப் பிரிவுக் காவலர்களும் தாங்களாகவே பேசி, ஒரே வண்டியில் இரவு ரவுண்டு போக ஆரம்பித்தார்கள். ஆபரேஷன் நைட் லைட் என்று அதற்குப் பெயர் வந்தது. வீட்டுக் கதவைத் தட்டிப் பையன் இருக்கிறானா என்று பார்ப்பார்கள். தாயிடம் நாலு வார்த்தை பேசுவார்கள். தாய்மார் பலர் இதை வரவேற்றார்கள். "வெளியே வா" என்று கூப்பிடும் நண்பனிடம், "அலுவலர் வருவார், வர முடியாது" என்று சொல்ல ஒரு பையனுக்குக் கௌரவமான காரணம் கிடைத்தது. சில நேரம் ஒரு நிபந்தனை, பிள்ளைக்குப் பாதுகாப்பு வேலியாகவும் ஆகிறது.

பின்னால் வந்த பெரிய ஒருங்கிணைப்பின் விதை இந்த வண்டிதான். யாரும் மேலிருந்து ஆணை போட்டு இதைத் தொடங்கவில்லை.

கவனித்தவை: 1995

1995-இல் மத்திய நீதித்துறையின் ஆய்வு நிறுவன நிதியோடு, ஹார்வர்டின் கென்னடி அரசாட்சிப் பள்ளியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்தக் களப்பணியாளர்களோடு ஒரு செயற்குழுவாக உட்கார்ந்தார்கள். காவல்துறை, நன்னடத்தைத் துறை, பரோல் துறை, மாவட்ட அரசு வழக்கறிஞர், மத்திய அரசு வழக்கறிஞர், துப்பாக்கிக் கட்டுப்பாட்டு முகமை, சிறார் சேவைத் துறை, பள்ளிக் காவல், தெருப் பணியாளர்கள் ஆகியோர் மேசையைச் சுற்றி இருந்தார்கள். போதகர்கள் பிறகு இணைந்தார்கள். துறைத் தலைவர்கள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் கூட்டமாக இது இருக்கவில்லை. வந்தவர்கள் பெரும்பாலும் களத்தில் நிற்பவர்கள், பையன்களைப் பெயர் சொல்லி அறிந்தவர்கள்.

அவர்கள் முதலில் செய்தது ஒரு பட்டியலைப் படிப்பது. 1990 முதல் 1994 வரை துப்பாக்கியாலோ கத்தியாலோ கொல்லப்பட்ட, 21 வயதும் அதற்குக் கீழும் உள்ள 155 பேரின் பட்டியல். ஒவ்வொரு பெயராக எடுத்து, இவன் ஏன் செத்தான், யாரோடு பகை, எந்தக் கும்பல் என்று காவலர்களும் நன்னடத்தை அலுவலர்களும் தெருப் பணியாளர்களும் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, ஆய்வாளர்கள் எழுதினார்கள். வரைபடத்தில் கும்பல்களின் எல்லைகளைக் கோடிட்டார்கள். எந்தக் கும்பலுக்கும் எந்தக் கும்பலுக்கும் பகை என்று தனியே ஒரு வலையும் வரைந்தார்கள். எந்தக் கணினியிலும் இல்லாத தகவல் இப்படித்தான் முதல்முறையாகத் தாளுக்கு வந்தது.

அதில் தெரிந்தவை பலரின் ஊகங்களைப் புரட்டிப்போட்டன. கொல்லப்பட்டவர்களில் 75 சதவீதத்தினர் சாகும் முன்பே ஏதோ ஒரு குற்றச்சாட்டில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர்கள். கொன்றவர்கள் என்று அடையாளம் காணப்பட்ட 125 பேரில் அது 77 சதவீதம். இறந்தவனும் கொன்றவனும் ஒரே கூட்டத்துப் பிள்ளைகள். இன்று இறந்தவன் இருந்திருந்தால் நாளை கொன்றவனாக இருந்திருக்கலாம். கொன்றவர்களில் நான்கில் ஒருவர், கொலை நடந்த நாளில் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவர். அவனுக்கென்று ஓர் அரசு அலுவலர் ஏற்கனவே இருந்தார்.

நகரத்தில் 61 கும்பல்கள், ஏறக்குறைய 1,300 உறுப்பினர்கள். அந்த வயதினரில் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 சதவீதத்துக்கு இவர்களுடைய பகைகளே காரணம். அந்தப் பகைகளிலும் போதைப்பொருள் வியாபாரப் போட்டி சிறு பங்குதான். பெரும்பாலானவை பழிக்குப் பழி: யார் தொடங்கியது என்றே மறந்துபோன, ஆனால் யாரும் முதலில் நிறுத்த முடியாத பழிகள்.

அந்த நாட்களில் அமெரிக்காவில் இரக்கமே இல்லாத ஒரு புதிய சிறார் தலைமுறை வருகிறது என்ற பேச்சு பெரிதாக ஓடியது. பாஸ்டன் மேசையில் இருந்த தாள் அதை மறுத்தது. அங்கே இருந்தது தலைமுறை அல்ல, ஒரு பெயர்ப்பட்டியல். அந்தப் பெயர்களில் பல, அஞ்சி நடுங்கும் பிள்ளைகளுடையவை என்று தெருப் பணியாளர்கள் சொன்னார்கள்.

துப்பாக்கிகள் பற்றியும் ஒரு செய்தி கிடைத்தது. 1991 முதல் 1995 மே வரை 21 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களிடமிருந்து கைப்பற்றப்பட்ட 1,550 துப்பாக்கிகளின் தடத்தைத் தேடினார்கள். எல்லாம் தென்மாநிலங்களிலிருந்து கடத்தி வரப்பட்டவை என்றே நம்பியிருந்தார்கள். தடம் கண்டவற்றில் மூன்றில் ஒரு பங்கு பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்திலேயே முதலில் விற்கப்பட்டவை. பல துப்பாக்கிகள் கடையை விட்டு வெளியேறி இரண்டு ஆண்டுகள்கூட ஆகாதவை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மூன்று வழிகள் பேசப்பட்டன என்று சுருக்கலாம். எல்லா இளைஞர்களுக்கும் பொதுவான தடுப்புத் திட்டம் என்பது முதலாவது. அது தேவைதான், ஆனால் அடுத்த மாதம் சாகப்போகிறவனை அது எட்டாது. துப்பாக்கி வருவதை அடைப்பது இரண்டாவது. அதையும் செய்தார்கள், ஆனால் ஊருக்குள் ஏற்கனவே புழங்கும் துப்பாக்கிகளை அது தொடாது. கும்பல்காரர்கள் அனைவரையும் கைது செய்வது மூன்றாவது. 1,300 பேரைச் சிறையில் அடைக்க முடியாது, அடைக்கவும் கூடாது.

விடை ஏற்கனவே அவர்களில் சிலரின் கையில் இருந்தது. ஓராண்டுக்கு முன் டார்செஸ்டரின் வென்டோவர் தெருவில் ஒரு கும்பல் ஓயாமல் சுட்டுக்கொண்டிருந்தது. கும்பல் தடுப்புப் பிரிவும் நன்னடத்தைத் துறையும் சேர்ந்து அந்தத் தெருவில் கிடைத்த எல்லா விதிகளையும் பயன்படுத்தின: நிலுவைப் பிடியாணை, பதிவில்லாத வண்டி, நன்னடத்தை நிபந்தனை, தெருவில் மது அருந்துவது, எதுவும் விடப்படவில்லை. கூடவே ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்கள்: "நீங்கள் சுடுவதால்தான் வந்தோம். சுடுவது நின்றால் போய்விடுவோம்." சுடுவது நின்றது. அவர்களும் சொன்னபடி போனார்கள்.

செயற்குழு இதையே முறையாக வகுத்தது. ஒரு கும்பலில் யார் சுட்டாலும் கவனம் முழுக் கும்பலின் மீதும் விழும். எல்லாத் துறைகளும் ஒரே நேரத்தில் வரும். இதை முன்கூட்டியே, முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். சொன்னதைச் செய்ய வேண்டும். விலக விரும்புகிறவனுக்கு அதே இடத்தில் உதவிக்கு வழி காட்ட வேண்டும். ஆபரேஷன் சீஸ்ஃபயர் (சண்டை நிறுத்தம்) என்று பெயரிட்டார்கள்.

இதில் மன உறுத்தல் ஒன்று உண்டு. ஒருவன் செய்த கொலைக்காக அவன் தோழர்கள் எல்லோரையும் நெருக்குவது சரியா? புதிய குற்றம் எதையும் யார் மீதும் சுமத்தவில்லை, ஏற்கனவே உள்ள மீறல்களைத்தான் அமல்படுத்தினோம் என்று காவல் தரப்பு சொல்லும். அது முழுப் பதில் ஆகாது. ஆனாலும் பையன்களுக்கு இன்னொரு பயன் கிடைத்தது: பழிவாங்கச் சொல்லி நெருக்கும் நண்பர்களிடம், "நீ சுட்டால் எல்லோர் தலையிலும் விழும்" என்று சொல்ல முடிந்தது. சுடாமல் இருப்பதற்கு முதல்முறையாக ஒரு சாக்கு கிடைத்தது.

போதகர்களும் ஒரு கடினமான முடிவுக்கு வந்திருந்தார்கள். சில பையன்கள் சிறைக்குப் போவதுதான் அவர்களுக்கும் தெருவுக்கும் நல்லது என்று வெளிப்படையாக ஏற்றார்கள். அதற்கு ஈடாக, காவலர் வரம்பு மீறினால் முதலில் பத்திரிகையிடம் பேசுவோரும் தாங்களே என்பதைக் காவல்துறைக்குப் புரிய வைத்திருந்தார்கள். மிஷன் ஹில் நினைவு இருந்த ஊரில், இந்த உத்தரவாதம் இல்லாமல் திட்டம் ஒரு நாளும் ஓடியிருக்காது.

1996 மே 15: நீதிமன்றக் கூடம்

1996 தொடக்கத்தில் டார்செஸ்டரில் ஒரு கும்பலுக்குள்ளேயே பகை மூண்டு மூன்று கொலைகள் நடந்திருந்தன. சில மாதங்கள் எல்லாத் துறைகளும் அங்கே கவனத்தைக் குவித்தன. பிறகு மே 15 அன்று அந்தக் கும்பலின் பையன்களை டார்செஸ்டர் நீதிமன்றத்துக்கு அழைத்தார்கள். சிலரை நன்னடத்தை அலுவலர் வரச் சொன்னார். சிலரைத் தெருப் பணியாளர்கள் பேசி அழைத்து வந்தார்கள். அன்று யாரையும் கைது செய்யவில்லை.

ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். காவல் அதிகாரி, நன்னடத்தை அலுவலர், மாவட்ட வழக்கறிஞர் அலுவலகம், மத்திய வழக்கறிஞர் அலுவலகம், போதகர், தெருப் பணியாளர். சொன்னது ஒன்றே: கொலை நிற்க வேண்டும். நிறுத்துவதற்கு உதவுகிறோம், நிறுத்தாவிட்டால் எல்லோரும் சேர்ந்து வருவோம். ஒரு சுவரொட்டியையும் காட்டினார்கள். நீண்ட குற்றப் பின்னணி கொண்ட, அந்தத் தெருக்களில் பெயர் பெற்ற ஒரு கும்பல்காரர், கையில் ஒரே ஒரு தோட்டா வைத்திருந்ததற்காக மத்தியச் சட்டத்தின் கீழ் பரோல் இல்லாமல் 19 ஆண்டு 7 மாதச் சிறைத் தண்டனை பெற்றிருந்தார். பையன்கள் அதைப் பார்த்து உறைந்தார்கள். எனக்கு அந்தச் சுவரொட்டி இன்றும் நெருடலாகவே இருக்கிறது. அச்சுறுத்தலாக அது வேலை செய்தது. ஒரு தோட்டாவுக்கு இத்தனை ஆண்டுகள் என்பது நீதியா என்ற கேள்வி அதே சுவரொட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இதே செய்தியைச் சிறார் காப்பகங்களில் இருந்த பிள்ளைகளிடமும் பள்ளிகளிலும் எடுத்துச் சொன்னார்கள்.

ராக்ஸ்பரியில் வேறொரு கும்பல் எச்சரிக்கையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1996 ஆகஸ்டில் அதன் உறுப்பினர்கள் 15 பேர் மத்தியப் போதைப்பொருள் வழக்குகளில் கைது செய்யப்பட்டார்கள். வேறு பலர் மீது மாநில வழக்குகள் பாய்ந்தன. அதோடு நிறுத்தாமல், மற்றக் கும்பல்களிடம் போய் ஏன் இது நடந்தது என்று விளக்கினார்கள்: எச்சரித்தோம், கேட்கவில்லை, சொன்னதைச் செய்தோம். கைதைவிட இந்த விளக்கமே பெரிய வேலை செய்தது என்று களத்தில் இருந்தவர்கள் கருதினார்கள்.

தொடர்ந்தது

1991 முதல் 1995 வரை 24 வயதும் அதற்குக் கீழும் உள்ளோரில் ஆண்டுக்குச் சராசரியாக 44 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். 1996-இல் 26. 1997-இல் 15. மாதாந்திர இளைஞர் கொலைகள் 63 சதவீதம், துப்பாக்கித் தாக்குதல்கள் 25 சதவீதம் குறைந்ததை இந்தத் திட்டத்தோடு தொடர்புபடுத்தி 2001-இல் மதிப்பீடு வெளிவந்தது.

அதே காலத்தில் வேறு பல அமெரிக்க நகரங்களிலும் கொலைகள் குறைந்தன. கிராக் சந்தையே சுருங்கிக்கொண்டிருந்தது. ஒப்பிடுவதற்கு, திட்டம் தொடாத பகுதி என்று ஒன்றைப் பாஸ்டனுக்குள் முன்கூட்டியே ஒதுக்கி வைக்கவில்லை. ஆகவே வீழ்ச்சியில் எவ்வளவு பங்கு இந்த மேசைக்கு உரியது என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு தொடர்ந்தது. குற்றவியல் ஆய்வாளர்கள் சிலர் இதே எண்களை மறு ஆய்வு செய்து இன்னும் எச்சரிக்கையான முடிவுக்கு வந்தார்கள். ஒருங்கிணைப்பாளர்கள் தங்கள் நகரத்தின் எண்களை மேடையில் சொல்லும் முன் இதை நினைவில் வைப்பது நல்லது.

மேசை கலைந்தது: 1997 முதல் 2005 வரை

1997 பிப்ரவரியில் அதிபர் கிளிண்டன் பாஸ்டனுக்கு வந்து, நாட்டின் சிறார் குற்றத் தடுப்புக்கு இந்த நகரத்தை முன்மாதிரியாகக் காட்டிப் பேசினார். அடுத்த ஆண்டு தேசிய வார இதழ் ஒன்றின் அட்டையில் போதகர் ஒருவரின் படம் வந்தது. எங்கெங்கிருந்தோ குழுக்கள் பார்வையிட வந்தன.

புகழ் வந்ததும், யாருடைய வெற்றி என்ற கேள்வியும் வந்தது. காவல்துறையா, போதகர்களா, ஹார்வர்டா? போதகர்களுக்குள்ளும் உரசல். செயற்குழுவின் மையமாக இருந்த காவல் அதிகாரிகள் வேறு பொறுப்புகளுக்குப் போனார்கள். ஆய்வாளர்கள் மற்ற நகரங்களுக்கு அழைக்கப்பட்டார்கள். மற்றப் பிரச்சினைகள், குறிப்பாகச் சிறையிலிருந்து திரும்புவோரின் பிரச்சினை, நேரத்தைப் பிடித்துக்கொண்டது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் சீஸ்ஃபயர் நின்றுபோனது. ஆணை போட்டு நிறுத்தியவர் யாரும் இல்லை. கூட்டங்கள் குறைந்தன, வந்தவர்கள் குறைந்தார்கள், பட்டியலை யாரும் புதுப்பிக்கவில்லை.

திட்டங்கள் என்று பார்த்தால் பெரும்பாலானவை அப்போதும் இருந்தன. தெருப் பணியாளர்கள் இருந்தார்கள், போதகர்கள் இருந்தார்கள், காவல்துறைப் பிரிவும் இருந்தது. இடையிலிருந்த மேசைதான் இல்லை. ஒவ்வொரு துறையும் தன் ஆண்டறிக்கையில் தன் பணிகளைக் குறைவில்லாமல் காட்ட முடிந்ததால், என்ன தொலைந்தது என்று எந்த அறிக்கையும் சொல்லவில்லை.

1999-இல் நகரத்தின் மொத்தக் கொலைகள் 31. 2005-இல் 75.

மீண்டும் தொடக்கம்: 2007

2006 இறுதியில் பொறுப்பேற்ற புதிய காவல் ஆணையர் அடுத்த ஆண்டு சீஸ்ஃபயரை மீட்டார். மட்டப்பானில் ஒரே கும்பல் பல பகைகளின் மையமாக இருந்ததால் அங்கிருந்தே தொடங்கினார்கள். இம்முறை ஆய்வாளர்கள் முந்தைய குறையைச் சரிசெய்தார்கள்: திட்டம் தொட்ட கும்பல்களை, தொடாத ஒத்த கும்பல்களோடு ஒப்பிட்டார்கள். தொட்ட கும்பல்கள் சம்பந்தப்பட்ட துப்பாக்கிச் சூடுகள் 31 சதவீதம் குறைந்திருந்தன. நேரடியாகப் பேசப்படாவிட்டாலும் அவர்களோடு பகையோ நட்போ கொண்ட கும்பல்களிலும் குறைவு தெரிந்தது. 1990-களின் 63 சதவீதத்தைவிட இது சிறிய எண். ஆனால் நம்பிக்கையோடு சொல்லக்கூடிய எண்.

1980 முதல் 2008 வரையிலான துப்பாக்கிச் சூடுகளை இடவாரியாகவும் பார்த்தார்கள். நகரத்தின் தெருமுனைகளிலும் தெருப் பகுதிகளிலும் 5 சதவீதத்திலேயே 74 சதவீதச் சூடுகள் நடந்திருந்தன. முப்பது ஆண்டுகளாக ஏறக்குறைய அதே முனைகள். பையன்கள் மாறினார்கள், முனைகள் மாறவில்லை. 2024-இல் பாஸ்டனில் நடந்த மொத்தக் கொலைகள் 24, அறுபது ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் மிகக் குறைவு.

எதை மாற்ற வேண்டும்

இந்த மேசையை மறுபடி அமைப்பதாக இருந்தால், முதலில் அதற்குச் சம்பளம் வாங்கும் ஒருவரை நியமிப்பேன். 1995-இல் கூட்டியவர்கள் தங்கள் வேலைக்கு மேல் இதையும் செய்தார்கள். அவர்கள் இடம் மாறியதும் கூட்டுவது யார் வேலை என்று எழுதப்பட்டிருக்கவில்லை. கூட்டுபவர் எந்த ஒரு துறையின் ஆளாகவும் இருக்கக் கூடாது. அவர் போனால் அடுத்து வருபவர் யார் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

எந்தத் தகவல் மேசைக்கு வரலாம், எது வரக்கூடாது என்ற எழுத்துப்பூர்வ உடன்பாடு அடுத்தது. தெருப் பணியாளரை ஒரு பையன் நம்புவது, தான் சொல்வது காவலரிடம் போகாது என்பதால். அந்தப் பணியாளர் காவலரோடு ஒரே அறையில் உட்காருகிறார். "இவனுக்கு ஆபத்து, உதவி தேவை" என்பதை அவர் சொல்லலாம். "இவன் என்ன செய்தான்" என்பதை அவரிடம் யாரும் கேட்கவே கூடாது. பாஸ்டனில் இந்த எல்லை பெரும்பாலும் தனிமனிதர்களின் நேர்மையில் நின்றது. பதினான்கு வயதுப் பிள்ளைகளின் பெயர் இருக்கும் பட்டியலுக்கு அது போதாது. பட்டியலில் ஒரு பெயர் எப்படி ஏறுகிறது, எப்போது நீங்குகிறது என்பதும் அதே உடன்பாட்டில் இருக்க வேண்டும். கும்பல்காரன் என்ற முத்திரை ஒரு பிள்ளையின் வேலைக்கும் வாழ்க்கைக்கும் குறுக்கே எத்தனை காலம் நிற்கும் என்பதை யாராவது கணக்கு வைக்க வேண்டும்.

உதவிப் பக்கத்தை எச்சரிக்கைப் பக்கத்துக்கு இணையாக ஏற்பாடு செய்வேன். நீதிமன்றக் கூடத்தில் தண்டனையைப் பற்றிச் சொன்னவர்களிடம் அதை நிறைவேற்றும் அதிகாரம் அன்றே இருந்தது. வேலை, படிப்பு, சிகிச்சை பற்றிச் சொன்னவர்களிடம் பல நேரம் காத்திருப்போர் பட்டியல்தான் இருந்தது. அந்த இரவு மனம் மாறி உதவி கேட்கும் பையனுக்கு மறுநாள் காலை ஒரு பதில் கிடைக்க வேண்டும். மூன்று வாரம் கழித்துக் கிடைக்கும் பதிலுக்குள் அவன் தெரு அவனை மீண்டும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே முதல் கூட்டத்தின் தேதியைக் குறிக்கும் முன், எத்தனை வேலை இடங்கள் கையில் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கைக்கு மேல் பையன்களை அழைக்க மாட்டேன்.

பிள்ளையை இழந்த தாய்மாருக்கு அந்த மேசையில் இடம் கொடுப்பேன். 1990-களின் பாஸ்டனில் அப்படிப்பட்ட தாய் ஒருவர், 15 வயது மகனைக் குறுக்குச் சூட்டில் இழந்த மறு ஆண்டே, துயருற்ற குடும்பங்களுக்காக அமைதி நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். கொல்லப்பட்டவனின் தம்பி பழிவாங்கப் போகிறானா என்பது காவல் நிலையத்துக்குத் தெரிவதற்கு முன் அந்த வீட்டின் கூடத்தில் தெரிந்துவிடுகிறது. இறுதிச் சடங்கு முடிந்த முதல் இரவில் அந்த வீட்டில் யார் போய் உட்காருவது என்பதைச் செயற்குழுவின் நிரந்தரக் கேள்வியாக, ஒவ்வொரு கொலைக்குப் பின்னும் பெயர் குறித்து விடை எழுத வேண்டிய கேள்வியாக, வைத்திருப்பேன்.